யாரும் வாங்காத பழைய கேமுக்கு இத்தனை ரசிகர்கள் எப்படி?

கேள்வி இதுதான்: "பழைய பிளேஸ்டேஷன் காலத்துல வந்து அப்போ யாருமே கண்டுக்காம போன கிறுக்குத்தனமான ஜப்பான் கேம்ஸ் மேல இப்போ சில பேரு உயிரையே விடுறாங்களே, இது சின்ன வயசு நாஸ்டால்ஜியா தானே, வேற என்ன இருக்கு அதுல?"

இந்த மாதிரி கேம்ஸ தேடித்தேடி விளையாட ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல் விஷயம், இது நாஸ்டால்ஜியா இல்ல. நாஸ்டால்ஜியான்னா நாம விளையாடினத நாமளே திரும்ப நினைச்சு உருகுறது. ஆனா இந்த கேம்ஸுக்காக ராத்திரி பகலா உக்காந்து வேலை பாக்குற ரசிகர்கள்ல நிறைய பேரு அது ரிலீஸ் ஆனப்போ அத கண்ணால கூட பாக்கல, சில பேரு பொறக்கவே இல்ல, சில பேருக்கு அந்த மொழியே தெரியாது. பாக்காத ஒண்ணு மேல எப்படிங்க ஞாபகம் வரும்? வேற ஏதோ ஒண்ணு இழுக்குது. அது என்னன்னு எனக்குத் தோணுறத ரெண்டு மூணு கேம வச்சு சொல்றேன், பட்டியல் போட்டா ஐம்பது கேம் வரும், ஆனா அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

நான் உள்ள வந்த கதைல இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க தெருவுல ஒரு பிஎஸ்2, அதாவது பிளேஸ்டேஷன் 2 கடை இருந்துச்சு, மணிக்கு இவ்ளோன்னு காசு குடுத்து விளையாடுற கடை, எல்லா பசங்களும் கிரிக்கெட், ரெஸ்லிங், கார் ரேஸ்னு தான் போடுவாங்க. கடைக்கார அண்ணன்கிட்ட ஒரு டிஸ்க் இருந்துச்சு, யாரும் தொடமாட்டாங்க, நான் ஒருநாள் மத்த செட் எல்லாம் ஃபுல்லா இருந்ததால அத போடச் சொன்னேன். மிஸ்டர் மொஸ்கிட்டோ. நீங்க ஒரு கொசு. அவ்ளோதான் கேம். ஜப்பான்ல யமாதான்னு ஒரு குடும்பம், அப்பா அம்மா பொண்ணு, அவங்க வீட்டுக்குள்ள ஒரு கொசுவா பறந்து பறந்து கோடைக்காலம் முடியறதுக்குள்ள குளிர்காலத்துக்கு வேணும்ங்கிற ரத்தத்த சேத்து வைக்கணும். 2001ல ஜப்பான்ல வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவுல ஐடோஸ் கம்பெனி வெளியிட்டாங்க.

இத கேட்டா சின்னப்பசங்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா உக்காந்து விளையாடிப் பாருங்க. டிவி பாத்துட்டு உக்காந்திருக்கிற ஒரு ஆளோட கால் உங்க ஸ்கிரீன்ல மலை மாதிரி நிக்குது, அதுல ஒரு குறிப்பிட்ட எடம் மட்டும் தான் கடிக்க முடியும், அங்க போய் உக்காந்து வலது அனலாக் ஸ்டிக்க சுத்தி சுத்தி உறிஞ்சணும், வேகமும் சரியா இருக்கணும். உறிஞ்ச உறிஞ்ச அந்த ஆளோட எரிச்சல் மீட்டர் ஏறும். உச்சிக்கு போயிடுச்சுன்னா ஒரே அடி, செத்தீங்க. அடி விழறதுக்கு முன்னாடி விட்டுட்டு பறக்கணும், ஆனா இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு கை விடாது. நாம எல்லாரும் ஆயுசு பூரா கொசு அடிச்ச ஜாதி, கொசு பேட்ட தலமாட்டுலயே வச்சு தூங்குறவங்க, எனக்கு அன்னிக்கு அந்த கடையில முதல் தடவையா கொசுவோட பக்கத்துல இருந்து அந்த கைய பாக்குறப்போ நெஜமாவே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அவங்க உங்கள பாத்துட்டாங்கன்னா சண்டை வேற நடக்கும், அப்போ நீங்க அவங்க உடம்புல இருக்கிற சில புள்ளிகள மோதி அமுக்கினா அவங்க கோவம் தணிஞ்சு உக்காந்துடுவாங்க.

இத உருவாக்கின ஜூம்ங்கிற டீம் ஒரு வேடிக்கையான ஐடியாவ எடுத்துட்டு பாதியில பயந்து பின்வாங்கல. "கொசு"ங்கிறத கடைசி வரைக்கும் கொண்டு போயிருக்காங்க, கேமரா, கட்டுப்பாடு, பயம் எல்லாமே அந்த ஒரு ஐடியாவுல இருந்து வருது. இந்த பிடிவாதம் தான் ரசிகர்கள இழுக்குதுன்னு நான் நம்புறேன். பெரிய கேம்ஸ்ல எல்லாமே இருக்கும், ஆனா ஏற்கனவே வேற எங்கயோ பாத்ததா தான் இருக்கும். இதுல ஒண்ணே ஒண்ணு தான் இருக்கு, அது வேற எங்கயும் கிடைக்காது.

சரி, அந்த காலத்துல மட்டும் ஏன் இப்படி வந்துச்சு? காரணம் ரொம்ப சாதாரணமானது, சிடி. அதுக்கு முன்னாடி கேட்ரிட்ஜ், ஒவ்வொண்ணுக்குள்ளயும் சிப் இருக்கும், செய்ய செலவு ஜாஸ்தி, முன்கூட்டியே இத்தனைன்னு ஆர்டர் போட்டு காசு கட்டணும், விக்கலன்னா மொத்தமும் நஷ்டம். 1994 டிசம்பர்ல ஜப்பான்ல பிளேஸ்டேஷன் வந்தப்போ டிஸ்க் அச்சடிக்கிற செலவு கேட்ரிட்ஜோட ஒப்பிட்டா ரொம்ப கம்மி, கொஞ்சமா அடிச்சு பாத்து நல்லா போனா திரும்ப அடிக்கலாம். ரிஸ்க் கம்மியானதும் சோனி மாதிரி கம்பெனிங்க பாட்டுக்காரங்க, ஓவியக்காரங்கன்னு கேம் பக்கமே வராத ஆளுங்களுக்கு கூட கதவ திறந்து விட்டாங்க. அந்த கதவு வழியா வந்தவர்ல ஒருத்தர் தான் மசாயா மட்சூரா. சைஸ்னு ஒரு பாப் பேண்டுல இருந்த இசைக்காரர், நானாஆன்-ஷான்னு ஒரு ஸ்டூடியோ வச்சு 1996ல பராப்பா த ராப்பர் பண்ணினார், அது நல்லா ஓடுச்சு. அதுக்கப்புறம் 1999 டிசம்பர்ல அவர் பண்ணினது தான் விப்-ரிப்பன், நான் இதுவரை விளையாடினதுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச கேம்.

விப்-ரிப்பன பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். கருப்பு ஸ்கிரீன், அதுல ஒரு வெள்ளைக் கோடு, கோட்டு மேல வெள்ளைக் கோட்டுலயே கிறுக்கின மாதிரி ஒரு முயல், பேரு விப்ரி. பாட்டு ஓட ஓட கோடு வளையும், விப்ரி நடந்துகிட்டே இருக்கும். நாலே நாலு தடை தான்: கட்டம், சுழி, அலை, பள்ளம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டன், எல், ஆர், எக்ஸ், கீழ் அம்பு. கஷ்டம் ஏற ஏற ரெண்டு தடை ஒண்ணா பின்னிக்கும், கட்டத்துக்குள்ள சுழி வந்தா ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும். தப்பு விட விட விப்ரியோட கோடு நடுங்கி பிசிறடிச்சு தவளையாகிடும், இன்னும் விட்டா புழுவாகிடும், அதுக்கும் கீழ போனா முடிஞ்சுது. திரும்ப சரியா அமுக்கினா மறுபடி முயலா எழும்பி வரும். நல்லா விளையாடினா கிரீடம் வச்ச இளவரசி மாதிரி ஆகிடும். பாட்டு முடிஞ்சதும் உங்க மார்க்குக்கு விப்ரியே பாட்டு பாடி வாழ்த்தும், ஒரு மெஷின் குரல்ல. அத கேக்குறதுக்காகவே நான் திரும்ப விளையாடியிருக்கேன்.

ஆரம்பத்துல இது மெர்சிடிஸ் பென்ஸ் ஏ-கிளாஸ் காருக்கு விளம்பரமா யோசிச்ச விஷயம், அது நடக்கல, கேமா மாறிடுச்சு.

இதுல இருக்கிற அதிசயம் என்னன்னா, டிஸ்க்குல ஆறே பாட்டு தான் இருக்கு, ஆனா கேம் முழுசா கன்சோலோட 2 எம்பி ரேமுக்குள்ள, அதாவது மெஷின் ஓடுறப்போ மட்டும் வச்சுக்கிற மெமரிக்குள்ள, ஏறி உக்காந்துடும். அப்புறம் நீங்க கேம் டிஸ்க்க வெளிய எடுத்துட்டு உங்க வீட்டுல இருக்கிற எந்த ஆடியோ சிடிய வேணா உள்ள போடலாம். அது அந்த பாட்ட கேட்டு அலசி அதுல இருந்து கோட்ட வரைஞ்சு குடுக்கும். இப்போ அந்த வெள்ளைக் கோட்டு படத்த திரும்ப யோசிச்சு பாருங்க. அழகுக்கு மட்டும் அப்படி வரையல. டிஸ்க்க எடுத்த பிறகு எதையும் டிஸ்க்குல இருந்து படிக்க முடியாது, மொத்த கேமும் அந்த 2 எம்பிக்குள்ளயே உசுரோட இருக்கணும், கலர் கலரா படம் போட்டா எங்க வைக்கிறது? கோடு மட்டும்னா எடமே தேவையில்ல. அழகும் தேவையும் ஒண்ணா வந்து நின்ன எடம் அது, எனக்கு இது புரிஞ்ச அன்னிக்கு அந்த கேம் மேல இருந்த பிரியம் பத்து மடங்கு ஆச்சு.

நான் ஒரு செகண்ட் ஹேண்ட் பிளேஸ்டேஷனும் ஐரோப்பா டிஸ்க்கும் வாங்கி முதல்ல போட்டது எங்க அப்பா வச்சிருந்த நாதஸ்வரம் சிடி. ஆலாபனை போற வரைக்கும் கோடு கிட்டத்தட்ட நேரா போச்சு, எப்பவாவது ஒரு பள்ளம், எப்பவாவது ஒரு அலை, விப்ரி பாட்டுக்கு கோயில் பிரகாரத்துல காலாற நடக்குற மாதிரி நடந்துச்சு. தவில் எறங்குச்சு பாருங்க, கோடு அப்படியே கொந்தளிச்சுது, கட்டமும் சுழியும் மேல மேல வந்து விழுது, நாலு விரலும் பத்தல, முயல் தவளையாகி தவளை புழுவாகி தனி ஆவர்த்தனம் பாதியிலயே முடிஞ்சுபோச்சு. அப்பா பக்கத்துல உக்காந்து கையில தாளம் போட்டுக்கிட்டே பாத்தார், "இது தாளத்த புரிஞ்சுக்குதாடா?"ன்னு கேட்டார். தாளம் எங்க இருக்குன்னு நமக்கு தெரியிற மாதிரி அதுக்குத் தெரியாது, சத்தம் ஏறுறதையும் எறங்குறதையும் வச்சு கணக்கு போடுதுன்னு சொன்னேன். ஜப்பான்ல பண்ணினவங்க யாரும் தவில நினைச்சு பண்ணியிருக்க மாட்டாங்க, ஆனாலும் அந்த கேம் தவிலுக்கு எடம் விட்டு வச்சிருந்துச்சு.

இந்த கேம் அமெரிக்காவுல அப்போ வரவே இல்ல. ஜப்பான்ல 1999, ஐரோப்பாவுல 2000, அவ்ளோதான். ஆனா 2012ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் முதல் முதலா வீடியோ கேம்ஸ சேகரிக்கிறோம்னு 14 கேம் அறிவிச்சாங்க, பேக்-மேன், டெட்ரிஸ் கூட விப்-ரிப்பனும் அதுல இருந்துச்சு. அந்த ஊர் மியூசியத்துல இருக்கு, அந்த ஊர் கடையில இல்ல! 2014ல ஈ3ங்கிற பெரிய கேம் கண்காட்சி மேடையில சோனி அமெரிக்கா தலைவர் ஷான் லேடன் பேசுறப்போ போற போக்குல விப்-ரிப்பன் பேர சொன்னார், ரசிகர்கள் எல்லாம் ஆஹா வரப்போகுதுன்னு கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா அப்படி ஒரு அறிவிப்பே இல்ல. அந்த ஏமாற்றத்த பாத்து கம்பெனியே வேலைய தொடங்கி அதே வருஷம் அக்டோபர்ல டிஜிட்டலா அங்க வெளியிட்டாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு. ஒரு பேரு காதுல விழுந்ததுக்கே இவ்ளோ சத்தம் போட்ட கூட்டத்துக்கு நாஸ்டால்ஜியான்னு பேரு வச்சா எப்படி பொருந்தும், அவங்க யாருக்கும் அது சின்ன வயசுல கிடைக்கவே இல்லையே.

அடுத்தது மூன். ஸ்கொயர்ங்கிற பெரிய ஜப்பான் கேம் கம்பெனியில இருந்து வெளிய வந்த கெனிச்சி நிஷி, யோஷிரோ கிமுரா, தாரோ குடோ மாதிரி ஆளுங்க சேந்து லவ்-டி-லிக்னு ஒரு சின்ன ஸ்டூடியோ ஆரம்பிச்சு 1997 அக்டோபர்ல பிளேஸ்டேஷன்ல விட்ட கேம். ஒரு பையன் ராத்திரி உக்காந்து ஒரு ஆர்பிஜி, அதாவது வீரனா மாறி கதைக்குள்ள போற கேம், விளையாடுறான், வழக்கமான கதை தான், வீரன், டிராகன், ராஜா. அம்மா போய் தூங்குன்னு சொல்றாங்க, டிவிய அணைக்கிறான், டிவி அவன உள்ள இழுத்துக்குது. உள்ள போனா அவன் யாரு கண்ணுக்கும் தெரியாத ஒரு பையன். கண்ணு சரியா தெரியாத ஒரு பாட்டி தன் பேரன்னு நினைச்சு அவனுக்கு துணி குடுத்து வீட்டுல வச்சுக்கிறாங்க. அப்போ தான் தெரியுது, இவ்ளோ நேரம் நாம ஓட்டின அந்த வீரன் இந்த ஊருல என்ன பண்ணிட்டு திரியிறான்னு. வீடு வீடா நுழைஞ்சு பெட்டிய கிளறுறான், தன் பாட்டுக்கு திரியிற வாயில்லா ஜீவன எல்லாம் மான்ஸ்டர்னு வெட்டித் தள்ளுறான். நீங்க அவன் பின்னாடியே போயி அந்த செத்த ஜீவனோட ஆன்மாவ ஒவ்வொண்ணா புடிச்சு கரையேத்தணும். சண்டையே கிடையாது. ஒவ்வொரு ஆன்மாவும் ஒரு குறிப்பிட்ட நாள்ல ஒரு குறிப்பிட்ட நேரத்துல தான் வரும், ஊர்ல இருக்கிறவங்களுக்கும் இந்த கிழமை இங்க, அந்த கிழமை அங்கன்னு ஒரு வழக்கம் இருக்கு, அத கவனிச்சு தெரிஞ்சுக்கணும். சேருறது அனுபவ புள்ளி இல்ல, அன்பு. அன்பு ஏற ஏற நீங்க ஒரு நாள்ல களைப்பில்லாம முழிச்சிருக்கிற நேரம் கூடும், அதுக்கு முன்னாடி படுக்கைக்கு திரும்பலன்னா கேம் ஓவர்.

வெளிய நடக்குறப்போ பின்னணி இசை தானா ஓடாது. நீங்களே டிஸ்க் வாங்கி சேத்து எந்த பாட்டு எப்போ ஓடணும்னு வரிசை போட்டுக்கணும், போடலன்னா காத்து சத்தமும் பூச்சி சத்தமும் தான். நான் முதல் சில நாள் பாட்டே போடாம நடந்தேன், அந்த ஊரு இன்னும் என் மனசுல சத்தமா தான் இருக்கு, படமா இல்ல.

இந்த கேம் 23 வருஷம் ஜப்பானிய மொழிக்குள்ளயே கெடந்துச்சு. ஆனா அந்த ஐடியா மட்டும் வாய் வழியா கடல் தாண்டிடுச்சு. 2015ல வந்த அண்டர்டேல் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், எதிரிய கொல்லாமலே முடிக்கலாம்ங்கிற கேம், அத பண்ணின டோபி ஃபாக்ஸே மூனோட கருத்து தன்னை தூண்டினதா சொல்லியிருக்கார். கடைசியா கிமுராவோட புது ஸ்டூடியோ ஆனியன் கேம்ஸ் 2019ல ஜப்பான்ல நின்டெண்டோவோட ஸ்விட்ச் கன்சோல்ல மறுபடி கொண்டுவந்து, 2020 ஆகஸ்ட்ல டிம் ராஜர்ஸ் மொழிபெயர்ப்புல இங்கிலீஷ்ல விட்டாங்க.

எல்லா கேமுக்கும் இந்த மாதிரி அதிர்ஷ்டம் வராது, அங்க தான் ரசிகர்களே இறங்குறாங்க. மதர் 3ன்னு நின்டெண்டோவோட ஆர்பிஜி ஒண்ணு, இந்த வட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம், 2006 ஏப்ரல்ல ஜப்பான்ல வந்துச்சு, வெளிநாட்டுக்கு வரல, கிளைட் மாண்டலின் தலைமையில ஒரு ரசிகர் கூட்டம் உக்காந்து 2008 அக்டோபர்ல முழு இங்கிலீஷ் பேட்ச், அதாவது கேம் மேல போட்டா வசனத்த இங்கிலீஷா மாத்துற ஃபைல், விட்டாங்க, இலவசமா. அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், இத காசுக்கு பண்ணல.

மொழிபெயர்க்கிறதுன்னா வசனத்த மாத்தி எழுதுறது மட்டும்னு நினைச்சுடாதீங்க. ஜப்பானிய எழுத்து எல்லாம் ஒரே அளவு கட்டத்துக்குள்ள உக்காரும், கேமோட எழுத்து போடுற புரோகிராமையே அத நம்பி தான் எழுதியிருப்பாங்க. இங்கிலீஷ்ல ஐ ஒல்லி, டபிள்யூ குண்டு, ஒரே கட்டத்துல போட்டா பல்லு விழுந்த மாதிரி இருக்கும், அதனால அந்த புரோகிராம பிரிச்சு உள்ள போயி மாத்தணும். ஜப்பான்ல நாலு எழுத்துல சொன்னது இங்கிலீஷ்ல இருபது எழுத்தாகும், அதுக்கு எடம் இருக்காது, வசனத்த வேற எடத்துல வச்சுட்டு அந்த எடத்த காட்டுற முகவரிய எல்லாம் திருத்தணும். நான் ஒரு தடவ ஆசைப்பட்டு ஒரு சின்ன கேம்பாய் கேமோட மெனுவ மட்டும் தமிழாக்க உக்காந்தேன். "போ"ன்னு ஒரு எழுத்து, கொம்பு முன்னாடி, கால் பின்னாடி, மூணு கட்டம் கேக்குது, "ணொ" வந்தா இன்னும் அகலம், "டி" எழுதினா விசிறி கட்டத்துக்கு மேல போயி வெட்டுப்படுது. மூணு வாரத்துல "தொடங்கு", "தொடர்" ரெண்டும் தான் ஸ்கிரீன்ல ஒழுங்கா வந்துச்சு, அந்த ராத்திரி நான் அத அணைக்க மனசில்லாம பாத்துட்டே இருந்தேன். ரெண்டு வார்த்தைக்கே இப்படின்னா ஒரு முழு கதைய முடிச்சவங்கள நினைச்சு பாருங்க.

எல்எஸ்டின்னு ஒரு கேம் இருக்கு, 1998, ஒசாமு சாட்டோங்கிற கலைஞர் பண்ணினது, ஒரு பெண் பத்து வருஷமா எழுதி வச்ச கனவு டைரிய வச்சு. நீங்க கனவுக்குள்ள நடக்குறீங்க, எதையாவது தொட்டா வேற எடத்துக்கு போயிடுவீங்க, பத்து நிமிஷத்துல முழிப்பு வந்துடும். ஜெயிக்க ஒண்ணுமே இல்ல. ரசிகர்கள் அதையும் விடாம அலசி, எந்த எடத்துல இருந்து எதுக்கு போகுதுன்னு வரைபடமே போட்டு வச்சிருக்காங்க.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். வினோதமா இருந்தா மட்டும் நல்ல கேம் ஆகிடாது. கிமுரா அப்புறமா பண்ணின ச்சூலிப், பிஎஸ்2ல 2002, ஊர்க்காரங்களுக்கு முத்தம் குடுத்து குடுத்து மனச தேத்திக்கிற ஒரு ஏழைப் பையன் கதை, எனக்கு அதுல வர்ற ஒவ்வொரு ஆளும் பிடிக்கும், ஆனா ஆரம்பத்துல கொஞ்சம் தப்பான நேரத்துல போனாலே உயிர் போயிடும், குறிப்பில்லாம விளையாட யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அதுபோல பெட்டிய சீல் பிரிக்காம வச்சு விலைய ஏத்திவிடுற ஆளுங்களையும் இந்த ரசிகர்களோட சேத்து பாக்காதீங்க, விப்-ரிப்பன் பெட்டிய அலமாரியில வச்சு பாக்குறவருக்கு அந்த முயல் ஒரு தடவ கூட பாடினதில்ல.

ஆரம்பிக்கணும்னா மூன்ல ஆரம்பிங்க, ஸ்விட்ச்ல சுலபமா கிடைக்கும். முதல் அஞ்சு நாள், அதாவது கேமுக்குள்ள வர்ற அஞ்சு நாள், எந்த கைடும் பாக்காதீங்க, களைப்பு வர்றதுக்குள்ள பாட்டி வீட்டு கட்டிலுக்கு திரும்பிடுங்க, வழியில யார பாத்தாலும் அன்னிக்கு என்ன கிழமைன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. விப்-ரிப்பனுக்கு வர்றப்போ வீட்டுல பழைய ஆடியோ சிடி எதுவும் தூக்கிப் போட்டுடாதீங்க, முதல்ல மெதுவான பாட்டு போடுங்க, தவில் இருக்கிறத கடைசியா வச்சுக்கோங்க.